பெயர்ப்பலகை யாருக்கு?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் கண்டமங்கலம். அவ்வூருக்கு வடக்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டித் திருவக்கரை என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்டு, நாளடைவில் கல்லாக மாறிய மரங்கள் அங்கே கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது. முதன்முறையாக அங்கே செல்பவர், 'இவை வெறுங் கற்கள்தாமே!' என்று எண்ணிக் கடந்து போவர். அருகில் நாட்டப்பட்ட பலகையைப் படித்தவரோ மீண்டும் திரும்பிப் பார்ப்பர். மரத்தின் பட்டையும் வைரமும் அப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். கல்லில் மாற்றம் ஒன்றும் இல்லை. பார்ப்பவர் பார்வைதான் மாறியது. நான்கு வரி எழுதிய ஒரு பலகை செய்யும் வேலை இது.

கிடந்த இடத்திலேயே கிடக்கும் கல்லுக்குப் பலகை வேண்டும். உயிருள்ள விலங்குக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். விலங்கு நடக்கும், உறுமும், தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் அன்றோ? ஆனால் உயிர்க்காட்சிச்சாலைக்குச் சென்று வந்தவர்கள் உண்மையை அறிவர். நண்பகலில் புலி உறங்கும். தேவாங்கு கிளை மறைவில் சுருண்டு கிடக்கும். விலங்கின் உருவம் கண்ணில் பட்டாலும், அது வாழ்ந்த காடு அங்கே இராது. அதன் உணவும் உறவும் பகையும் தெரியா. இவற்றை எல்லாம் எடுத்துரைப்பது பலகையே. இதனை உணர்ந்தே, 1992ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த உயிர்க்காட்சிச்சாலை ஏற்பு விதிகள், ஒவ்வோர் அடைப்பிலும் அங்குள்ள விலங்கைப் பற்றிய அறிவியற் செய்திகளைக் கூறும் பலகை இருத்தல் வேண்டும் என்று விதித்தன.

செய்தி இருத்தல் வேண்டும் என்பது சரி. அதனை யாரை நோக்கிச் சொல்வது? உயிர்க்காட்சிச்சாலையின் பெயர், சின்னம், வண்ணம், விளம்பரம், பலகை ஆகிய அனைத்தும் சிறுவர்களையே முதன்மையாகக் கவர வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. அவ்வாறு செய்தால் அது விளையாட்டுத் திடலாகிவிடும் என்பது மற்றொரு சாரார் கருத்து. கண்டமங்கலம் வட்டாரப் பள்ளிகளிலிருந்து பேருந்து ஏறித் திண்டிவனம், செங்கற்பட்டு வழியாக வண்டலூருக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கும் இவ்வழக்கில் பங்கு உண்டு.

சென்னையில் உயிர்க்காட்சிச்சாலை தோன்றியது 1855ஆம் ஆண்டில். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், அந்த வளாகத்திலேயே விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாபு தம்மிடமிருந்த விலங்குகளை அதற்கு வழங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. இடநெருக்கடி மிகுந்தமையால், 1985ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒரு சுவையான செய்தி உண்டு. பட்டணம் பார்க்க வந்த நாட்டுப்புற மக்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றனர். உயிர்க்காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றனர். இப்பெயர்களை எந்த அதிகாரியும் சூட்டவில்லை. எந்தப் பலகையிலும் எழுதவில்லை. படித்தவர்கள் இவற்றைக் கேட்டு நகைத்ததும் உண்டு. எனினும், இப்பெயர்களில் நகைப்புக்கு இடமில்லை. பள்ளியின் வாயிலையும் மிதியாத மக்கள், விலங்குகளைக் காணும் இடத்தைக் கல்லூரி என்று அழைத்தனர். அது குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டும் இடம் என்று அவர்கள் கருதவில்லை; பெரியவர்களும் சென்று கற்கும் இடம் என்றே கருதினர்.

இனி, சிறுவர் பக்கம் நின்று பேசுவோரின் கருத்தையும் கேட்க வேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. குடும்பங்கள் உயிர்க்காட்சிச்சாலைக்குப் புறப்படுவதே பெரும்பாலும் பிள்ளைகளின் வற்புறுத்தலால்தான். நுழைவுச்சீட்டு வாங்குபவர் தந்தை. ஆனால் வாங்க வைப்பது பிள்ளை. இளமையில் விலங்குகளிடம் உண்டாகும் அன்பு முதுமை வரை நிலைக்கும் என்பதும் உண்மையே. மேலும், பழைய பலகைகள் பலவற்றில் விலங்கின் இலத்தீன் பெயர், குடும்பம், வரிசை ஆகியவையே நிறைந்திருந்தன. அவற்றைச் சிறுவர் படிக்கவில்லை, பெரியவர்களுந்தாம் படிக்கவில்லை. இலண்டன் உயிர்க்காட்சிச்சாலை 1828ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, அது ஆய்வுக் கழகத்தின் உறுப்பினர்களுக்கே உரியதாய் இருந்தது. பொதுமக்கள் உள்ளே செல்ல 1847ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதி அங்கே அமைந்தது 1938ஆம் ஆண்டில்தான். நூற்றாண்டுக்கு மேலாகப் புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகள், இன்று தங்களுக்குரிய இடத்தைக் கேட்பதில் தவறு என்ன?

தவறு இல்லை. ஆயினும், 'சிறுவருக்கும்' என்பது வேறு. 'சிறுவருக்கே' என்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சென்னைக் கிண்டியில் தெளிவாகக் காணலாம். அங்கே இரண்டு காட்சியிடங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒன்று, சிறுவர் பூங்கா. 2024ஆம் ஆண்டில் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோதும் 'சிறுவர்' என்னும் சொல் அதன் பெயரில் நிலைபெற்றது. மற்றொன்று, ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் முயற்சியால் 1972ஆம் ஆண்டில் கிண்டியில் உருவான பாம்புப் பண்ணை. முன்னது வருபவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னது அங்கே வாழும் உயிரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே குடும்பம் ஒரே நாளில் இரண்டிற்கும் செல்வது வழக்கம். 'சிறுவர் பூங்கா' என்றதும் பெரியவர், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நிழலில் அமரலாம் என்று எண்ணக்கூடும். 'பாம்புப் பண்ணை' என்றதும் அவ்வாறு எண்ணுவாரோ? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாமும் உடன் செல்வர். பிள்ளைக்கு முன்பாகத் தாமே எட்டிப் பார்ப்பர். பெயர் ஒன்றே இந்த மாறுதலைச் செய்ய வல்லது.

பாம்பைப் பற்றிய பலகையை எண்ணிப் பார்த்தால் இவ்வழக்கின் முழுப் பொருளும் விளங்கும். இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் இறக்கின்றனர் என்று, 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இறப்பவருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். வயலில் உழைப்பவர்கள், இரவில் தரையில் படுத்து உறங்குபவர்கள். நெல்லும் கரும்பும் விளையும் வயல்களில் எலி மிகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணமானவை. சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலிகளை உண்டு உழவனுக்கு உதவுவது. ஆயினும், நல்ல பாம்பு என்று மயங்கி அதனை அடித்துக் கொல்வோர் பலர்.

கட்டுவிரியனையும் வெள்ளிக்கோல் வரையனையும் எடுத்துக்கொள்வோம். முன்னதன் நஞ்சு கொடியது, பின்னது நஞ்சற்றது. இரண்டின் உடலிலும் வெண்ணிறக் குறுக்குப் பட்டைகள் உண்டு. கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கத்தில் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருக்கும். வால்பக்கம் செல்லச் செல்லத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்கோ கழுத்தருகே பட்டைகள் தெளிவாக இருந்து, வால்பக்கம் மங்கிப் போகும். இந்த நுட்பத்தை விளக்கப் படம் வேண்டும். அளவு பிசகாத படம் வேண்டும். பெரிய கண்களும் புன்னகையும் கழுத்தில் வண்ணக்குட்டையும் உடைய ஒரு கேலிச்சித்திரப் பாம்பு இதனைக் காட்டாது. கடிபட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்லாது. கடிவாயைக் கத்தியால் கீறலாகாது, வாயால் உறிஞ்சலாகாது, கயிற்றால் இறுகக் கட்டலாகாது, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு பலகையில் அடங்கக் கூடியவையே. இவற்றைப் பெரியவர் படிக்கவேண்டும். ஏனெனில், ஆபத்து வந்தபோது வண்டி பிடிப்பவர் அவரே. சிறுவனும் படிக்கவேண்டும், ஏனெனில், பெரியவர் கயிற்றைத் தேடும்போது தடுக்க வேண்டியவன் அவன்.

பெரியவர்களை விட்டுவிடும் பலகையால் விலங்குகளுக்கும் தீங்கு உண்டாகிறது. குரங்குக்கு முறுக்கை எறிபவர், உறங்கும் விலங்கை எழுப்பக் கைதட்டுபவர், மானுக்கு உணவைப் பையோடு போடுபவர் ஆகியோருள் வளர்ந்தவர்கள் குறைவல்லர். சென்னையில் இறந்துபட்ட மான்கள் சிலவற்றின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பைகள் எடுக்கப்பட்டதுண்டு. 'எனக்குத் தின்பண்டம் தராதீர்கள், நண்பர்களே!' என்று பொம்மை மான் ஒன்று பேசுவதாக எழுதினால், பெரியவர் அதனைப் பிள்ளைகளுக்குக் கூறிய அறிவுரையாகவே கொள்வர். மானின் இரைப்பையில் பை சிக்கினால் அது செரியாமல் அங்கேயே தங்கும், மான் உண்ண இயலாமல் மெலிந்து சாகும் என்று உள்ளதை உள்ளவாறு எழுதினால், அது இருவருக்கும் உறைக்கும்.

தேவாங்கின் நிலையும் இத்தகையதே. ஒல்லியான பிள்ளையைத் 'தேவாங்கு' என்று ஏசுவது தமிழ்நாட்டில் பழகிப்போன வழக்கம். அதனைக் கண்டால் தீமை வரும் என்று அஞ்சிய காலமும் உண்டு. இந்த ஏச்சும் அச்சமும் பிள்ளைகள் உண்டாக்கியவை அல்ல. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவை. தேவாங்கு இரவில் நடமாடிப் பூச்சிகளைத் தின்று வாழ்வது. பயிருக்கு நன்மை செய்வது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்துள்ள கடவூர்க் காடுகளைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தேவாங்குகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. அச்சத்தை வளர்த்தவர்களுக்கே அதனைக் களையும் செய்தியும் சென்று சேர வேண்டும்.

பலகையை யார் படிக்கிறார், யார் கேட்கிறார் என்பதும் எண்ணத்தக்கது. மேலை நாட்டார் எழுதிய நூல்களில், தந்தை படித்துச் சொல்ல மகன் கேட்பதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. கண்டமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து வரும் குடும்பங்கள் பலவற்றில் முறை மாறி நிற்கிறது. எழுத்தறிந்த பேரன் படிக்கிறான். எழுத்தறியாத பாட்டி கேட்கிறாள். ஆனால் விலங்கை அறிந்தவள் பாட்டியே! 'எறும்புத்தின்னி' என்று பேரன் படித்தால், அதன் உருவைப் பார்த்த பாட்டி, "இது அழுங்கு அல்லவா!" என்பாள். அது பகைவரைக் கண்டால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் என்பதைப் பலகை சொல்லுமுன் அவள் சொல்லிவிடுவாள். அவள் அறியாதவற்றைப் பேரன் படித்துக் காட்டுவான்: அழுங்குக்குப் பல் இல்லை; அதன் செதில்கள் மனித நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளாலேயே ஆயவை; அச்செதில்களில் மருந்து இருப்பதாக நம்பிய மக்களால் அது உலகெங்கும் வேட்டையாடப்பட்டது; 2016ஆம் ஆண்டில் எல்லா வகை அழுங்குகளின் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டது. பலகையில் 'அழுங்கு' என்னும் பெயரும் சேர்ந்திருந்தால், பேரனும் பாட்டியும் பேசிக்கொள்வதற்கு அது வாயிலாகும். பொம்மை ஒன்றை மட்டும் வரைந்து வைத்தால், இருவரும் சிரித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போவர்.

பெயர்களை எழுதுவதில் வேறு சில இடர்களும் உள்ளன. வடநாட்டுச் சமவெளிகளில் மிகுதியாக வாழும் ஒரு பெரிய மானினத்துக்கு 'நீல்காய்' என்று பெயர். அவ்விந்திச் சொல்லின் பொருள் 'நீலப்பசு' என்பது. அதனைத் தமிழெழுத்தில் அவ்வாறே எழுதிவிட்டால், தமிழ்ச் சிறுவனுக்கு அது கத்தரிக்காய், வெண்டைக்காய் போன்ற ஒரு காயாகத் தோன்றும். சற்று வளர்ந்தவனோ நீலகிரி மலையில் வாழ்வது போலும் என்று மயங்குவான். பொருளை ஒரு வரியில் விளக்கிவிட்டால் மயக்கம் தீரும். நீர்யானை என்னும் பெயரும் அப்படிப்பட்டதே. அது யானைக்கு உறவன்று. இன்று வாழும் உயிர்களுள் அதற்கு மிக நெருங்கிய உறவு திமிங்கலமே. இச்செய்தியைக் கேட்டு வியக்காத சிறுவனும் இல்லை, முதியவரும் இல்லை. வியப்புக்கு வயது வரம்பு கிடையாது என்பதைப் பலகை எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

சின்னங்களிலும் இவ்வேறுபாடு காணப்படும். 1961ஆம் ஆண்டில் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது, பாண்டாக் கரடி அதன் சின்னமாயிற்று. இலண்டன் உயிர்க்காட்சிச்சாலைக்கு 1958ஆம் ஆண்டில் வந்து மக்களைக் கவர்ந்த 'சி சி' என்னும் பாண்டாவே அதற்குத் தூண்டுதல். கறுப்பு வெள்ளையில் அமைந்ததால் அச்சிடும் செலவும் குறைந்தது. எழுத்தறியாதவரும் குழந்தையும் கண்டவுடன் விரும்பும் வடிவம் அது. ஆனால் அதில் சிரிப்பு இல்லை, உடை இல்லை, விலங்கு விலங்காகவே நின்றது. ஜெர்சித் தீவில் 1959ஆம் ஆண்டில் உயிர்க்காட்சிச்சாலை அமைத்த ஜெரால்டு டரல் என்னும் எழுத்தாளர், 1963ஆம் ஆண்டில் உயிரினப் பாதுகாப்புக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினார். அவர் தேர்ந்த சின்னம் டோடோ. அது மொரீசியசுத் தீவில் வாழ்ந்து, மனிதர் வந்தபின் பதினேழாம் நூற்றாண்டில் அடியோடு அழிந்த பறவை. உயிரோடு காட்ட இயலாத ஒன்றை உயிர்க்காட்சிச்சாலை நடத்துபவர் சின்னமாகக் கொண்டார். "இப்பறவை எங்கே இருக்கிறது?" என்று சிறுவன் கேட்பான்; பெரியவர் மறுமொழி சொல்லியாக வேண்டும். பாண்டா பொருள் திரட்ட உதவியது. கேள்வியை எழுப்பியது டோடோவே.

அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்துப் பிராங்சு உயிர்க்காட்சிச்சாலையில் 1963ஆம் ஆண்டில் அமைத்த காட்சி ஒன்று இதனினும் துணிவானது. பெருங்குரங்குகள் இருந்த கட்டடத்தில், கம்பிகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்தனர். உலகிலேயே மிக ஆபத்தான விலங்கு இதுவே என்று மேலே எழுதினர். எட்டிப் பார்த்தவர் தம் முகத்தையே கண்டார். ஆறு வயதுச் சிறுவனுக்கு அது விளையாட்டு. அறுபது வயதுப் பெரியவருக்கு அது வேறு. அதே சாலைக்கு 1993ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புப் பூங்கா என்று பெயர் மாற்றினர். மக்களோ பழைய பெயரையே வழங்கினர். இன்று அதுவே வழக்கிலும் உள்ளது. 'உயிர் காலேஜ்' என்று அழைத்த சென்னை மக்களைப்போல, நியூயார்க்கு மக்களும் பெயர் சூட்டும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

ஒரு பலகை எப்படி எழுதப்படலாம் என்பதைச் சிங்கவால் குரங்கைக் கொண்டு காட்டலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத குரங்கு அது. பலகையின் தலைப்பில், பெரிய எழுத்தில், இரண்டு பெயர்கள் இருக்கலாம்: சிங்கவால் குரங்கு, சோலைமந்தி. அடுத்து, பத்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் படிக்கத்தக்க ஒரு தொடர்: 'வால் நுனியைப் பாருங்கள்; சிங்கத்துக்கு இருப்பதுபோல் குஞ்சம் தெரிகிறதா?' பிள்ளை தேடட்டும். தேடுவதற்குள் குரங்கை நன்றாகப் பார்த்துவிடுவான். அதன் கீழே சிறிய எழுத்தில், அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாறு வரலாம். கேரளத்தில் அக்காட்டை மூழ்கடிக்கும் அணை ஒன்று கட்டத் திட்டமிட்டனர். அறிவியலாரும் எழுத்தாளரும் ஆசிரியரும் எதிர்த்தனர். அப்போராட்டத்தில் இக்குரங்கே காட்டின் அடையாளமாயிற்று. திட்டம் கைவிடப்பட்டு, 1984ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். இனி வரும் அணைகளைப் பற்றி முடிவு செய்யப் போகிறவர்கள், இப்போது வால்நுனியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள்.

பலகையை எவ்வளவு உயரத்தில் நாட்டுவது என்பது ஒன்று எஞ்சுகிறது. பெரியவர் கண்ணுக்கு நேராக நாட்டினால் சிறுவன் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க விட்டுவிடுவான். மிகத் தாழ நாட்டினால் முதியவர் குனிய மாட்டார். ஏறத்தாழ மூன்றடி உயரத்தில், எழுதுமேசைபோல் சற்றுச் சாய்த்து வைத்தால், சிறுவன் நின்றபடியே படிப்பான். பெரியவர் அவன் தோளுக்கு மேலாகப் படிப்பார். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எழுத்து எட்டும்.